சம்பான் கட்டும் சதாசிவம்

காரை நிறுத்தியதும் சதாசிவம் முதலில் பார்ப்பது கூரையைத்தான். அங்கே சம்பான் என்ற சிறு படகைக் கட்டியிருக்கும் கயிற்றை விரலால் சுண்டுவார். விறைப்பாக அதிர்ந்தால் சரி. தொய்ந்திருந்தால் எங்கள் மாரியம்மன் கோவில் கிணற்றுக்கு ஓடிவந்து, வாளி நிறைய இறைத்துப்போய்க் கயிறு முழுக்க ஊற்றுவார்.

"என்ன அண்ணே, சம்பானைக் குளிப்பாட்டுறீங்களா?" என்பேன்.

"நீங்க ஆத்தாளுக்கு ஊத்துறீங்க பண்டாரம், நான் இதுக்கு ஊத்துறேன். நமக்கு இதான் சாமிலா. காஞ்சா தொங்கிரும், நனைஞ்சா இறுக்கிப் புடிக்கும்."

ஒல்லி ஆள். பேசும்போதும் ஒரு கை காரின்மேலேயே இருக்கும். ஜப்பான்காரன் வந்ததும் ஓடிப்போன ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் கார் ஓட்டியவர். துரையின் காரையும், அவர் ஆற்றில் விட்டு விளையாடிய ஒற்றையாள் சம்பானையும் ஈப்போவில் ஒரு ஜப்பான் அதிகாரி எடுத்துக்கொண்டார், ஓட்ட இவரையும். மரச்சட்டத்தின்மேல் கான்வாஸ் துணி இழுத்துக் கட்டிய, மீன்போல நீண்ட சம்பான். ஞாயிறுதோறும் அது கோலகங்சார் ஆற்றுக்குப் போகவேண்டும். விலைபோகாத ரப்பர் ஷீட்டுகளைக் கூரையில் விரித்து, சம்பானைக் குப்புறக் கவிழ்த்து, பத்து இடத்தில் ஒட்டுப்போட்ட கயிற்றால் கட்டிக் கொண்டுவருவார். எங்கள் கோவில் இருக்கும் சுங்கை சிப்புட் வருவதற்குள் வெயிலில் கயிறு காய்ந்துவிடும். புதுக்கயிற்றுக்கு எங்கே போவது? சோற்றுக்கே மரவள்ளிக்கிழங்கு.

சம்பான் கிழிந்தால் சயாம் காட்டில் ரயில்பாதை போடப் போகவேண்டியதுதான் என்று அதிகாரி சொல்லியிருந்தார். சதாசிவத்தின் தம்பி ஜெயபாலன் போய் ஒரு வருடம். ஒரு கடுதாசி இல்லை. மனைவி நல்லம்மாள் காய்ச்சலில் கிடந்தாள்.

"நானும் போயிட்டா அவளுக்குக் கஞ்சி ஊத்த யாரு இருக்கா, பண்டாரம்?" என்று ஒருநாள் கேட்டார். திருநீறு கொடுத்தேன். என்னிடம் வேறென்ன இருந்தது?

மழை பொய்த்த மாதம் ஒன்றில் கிணறு வற்றிப்போய், ஒரு நாளைக்கு ஒரு வாளிதான் ஊறியது. அந்த ஞாயிறு சயாமுக்கு ஆள் ஏற்றிப்போகும் லோரி ஒன்றும் எஞ்சின் சூடேறிக் கோவில் முன்னால் நின்றது. அன்றைய ஒரே வாளியைத் தூக்கிக்கொண்டு சதாசிவம் காருக்கு நடந்தார். லோரிக்குள்ளிருந்து ஒருவன் கூப்பிட்டான்.

"டிரைவரண்ணே, சம்பான் குடிச்சது போதும்லா! எங்களுக்கும் கொஞ்சம் ஊத்துங்க!"

யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பில்லை. கைகள்தான் வெளியே நீண்டன.

சதாசிவம் கூரையைப் பார்த்தார். அந்தக் கைகளைப் பார்த்தார். வாளியை அப்படியே மேலே தூக்கிக் கொடுத்துவிட்டார்.

"பகேரோ! லெக்காஸ்!" பின்சீட்டிலிருந்து அதிகாரி முட்டாளே என்று அதட்டினார், சீக்கிரம் கிளம்பச் சொல்லி.

"அண்ணே, கயிறு காஞ்சு கிடக்கே" என்றேன்.

"தெரியும்லா" என்றார். காரில் ஏறிவிட்டார்.

வாயில் தாயே என்ற சொல்லோடு நான் சாலைக்கு வந்து நின்றேன். கார் நடையைவிடச் சற்று வேகமாகத்தான் போனது. ஒரு கையால் ஓட்டிக்கொண்டு, மறுகையை ஜன்னல் வழியே மேலே நீட்டிச் சம்பானின் விளிம்பைப் பிடித்திருந்தார்.