சட்டியைச் சுற்றி ஒன்பது கைகள்

நேற்று கர்க்லாண்டில் என் வீட்டில், மீன்குழம்புச் சட்டியின் அடியில் மிச்சச் சோற்றைப் போட்டுப் பிரட்டியபோது எழுந்த புளிவாசம், தொண்ணூறுகளில் சென்ட் லோரன்டில் நாங்கள் வாடகைக்கிருந்த, இப்போது இடித்துவிட்ட கட்டடத்தின் சமையலறைக்கே என்னைக் கொண்டுபோனது. அம்மாவும் அப்பாவும் தொழிற்சாலைக்குப் போய்விட, ஹீட்டரின் மேல் என் கையுறைகள் காயும் மத்தியானங்களில், அம்மாவின் தகப்பனான அம்மப்பா சட்டியோடு தரையில் அமர்ந்து, சோற்றைக் குழைத்து உருட்டி என் உள்ளங்கையில் வைப்பார். பிறகு அடுத்த கவளத்தை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். எனக்கோ பசி, கோபம் வரும்.

"தாங்கோ அம்மப்பா."

"பொறு பிள்ளை. எல்லாருக்கும் குடுத்திட்டு வாறன்."

சமையலறையில் என்னைத் தவிர வேறு பிள்ளை இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் அம்மப்பாவும் கூடப்பிறந்தவர்களுமாக ஒன்பது பேர். தாய் சட்டியோடு நடுவில் இருந்து, நீட்டிய கைகளில் மூத்தவரிலிருந்து ஒவ்வொரு கவளமாக வைத்துக்கொண்டு போவாராம், முகம் பார்க்காமலே எது யாருடைய கை என்று தெரியுமாம். அந்த வட்டம் முழுவதும் சுற்றி முடிந்த பிறகுதான் எனக்கு அடுத்தது வரும். அதுவரை அம்மப்பாவின் கண்கள் வெறும் லினோலியத் தரையில் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும்.

ஒரு பனிக்காலம், ஊரிலிருந்து அவருடைய தம்பி செத்துப்போன செய்தி தொலைபேசியில் வந்தது. அம்மா அழுதார். அம்மப்பா அழுததை நான் காணவில்லை. மறுநாள் மத்தியானமும் வழக்கம்போலச் சோறு குழைத்தார்.

இரண்டாவது கவளம் கொஞ்சம் முந்தியே என் கைக்கு வந்துவிட்டது.