ஆயுத பூஜையன்று அணைத்த சர்வர்

செலியமேட்டுப் புகழ்வேந்தன் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையின் ஐடி இன்சார்ஜ். கரும்பு போடும் அண்ணன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையிலும் அந்தப் பட்டத்தை அச்சிட வைத்தவர். அவருக்குக் கீழே நான் ஒருவன்தான். அதனால் அவர் லட்சணம் எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

எங்களுக்கு இருப்பது ஒரே சர்வர். அதற்குள் ஐந்து மெய்நிகர் கணினிகள் ஓடின. போன வருஷம், கண்காணித்துப் பதிவு வைக்கவும் சந்தேகமானதற்கு எச்சரிக்கவும் ஆறாவதை அமைத்தோம். கம்பெனிக்குள் எந்தக் கணினி எதை அனுப்பினாலும் அதன் நகல் ஒன்று ஆறாவதின் இரண்டாவது நெட்வொர்க் கார்டுக்கு வரும். ஆனால் எந்தக் கார்டும் தன் பெயருக்கு வந்ததை மட்டுமே வாங்கும். ஊரார் கடிதத்தையும் வாங்கு என்று அதற்குக் கட்டளை கொடுக்க வேண்டும். புகழ்வேந்தன் அதைக் கையால் அடித்தார், வேலை செய்தது. அணைத்து ஏற்றினால் அந்தக் கட்டளை போய்விடும், ஏற்றும்போது தானாக ஓடும் தொடக்கக் கோப்பில் ஒரு வரி எழுதிவிடுங்கள் என்றேன்.

"சர்வர எவன்டா ஆஃப் பண்ணப் போறான்? எனக்கே கிளாஸ் எடுக்கறியா?"

அணைத்தவர் அவரேதான். ஆயுத பூஜைக்கு லேத்து முதல் ஃபோர்க்லிஃப்ட் வரை எல்லாவற்றையும் நிறுத்திப் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். சர்வரை விட்டுவிட்டால் தன் துறைக்கு மரியாதை இல்லையாம். நிறுத்தினார், சந்தனம் வைக்கச் செய்தார், மறுநாள் ஏற்றினார். அதோடு, தினம் இருபது எச்சரிக்கை வந்துகொண்டிருந்த கண்காணிப்புத் திரையில் ஒன்றுகூட வரவில்லை. மண்டையில் ஏதாவது இருப்பவன் சந்தேகப்பட்டிருப்பான். இவர் 'ஜீரோ அலர்ட்' என்று மேலாளர் கையால் சால்வை வாங்கிக்கொண்டார். எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் மறுபடி திட்டு வாங்கப் பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

தை மாதம் வாடிக்கையாளர் ஒருவரின் வரைபடங்கள் வெளியே போயின. போனது ஸ்டோர்ஸ் மஞ்சுளாவின் லாகினில். பூரணாங்குப்பத்துப் பெண், ஒப்பந்த வேலை. அந்த மாதம்தான் நிரந்தரமாக்குவதாக இருந்தார்கள். மேலாளர் கூப்பிட்டு விசாரித்தபோது அவள் பதறவே இல்லை.

"என் பாஸ்வேர்டு பாதிப் பேருக்குத் தெரியும் சார். என் சிஸ்டத்துலேர்ந்து போவல. எதுலேர்ந்து போச்சின்னு புகழ் சார் மெஷின்ல இருக்குமே, பாருங்க."

புகழ்வேந்தன் திறந்து பார்த்தார். பதிவுகள் பூஜைக்கு முந்தின நாளோடு நின்றிருந்தன. முகம் வெளுத்தது, ஒரு நிமிஷம்தான். மேலாளர் பக்கம் திரும்பி, "இந்தப் பொண்ணு பண்ணலன்னு சொல்ல ரெக்கார்டு எதுவும் இல்ல சார்" என்றார். அது பொய்யில்லை. அப்படி ஓர் உண்மையைச் சொல்லத் தனி ஈனபுத்தி வேண்டும். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

சாயங்காலம், வேலை போன மஞ்சுளா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எங்கள் அறை வாசலில் நின்றாள்.

"பூஜையன்னிக்கி அந்த மெஷின தொடச்சிப் பொட்டு வெச்சது நாந்தாண்ணா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

உள்ளே புகழ்வேந்தன் அந்த ஒரு வரியை எழுத உட்கார்ந்திருந்தார். எந்தக் கோப்பில் எழுதுவது என்று தெரியாமல் என்னைக் கூப்பிட்டார். போய் எழுதிக் கொடுத்தேன்.