அம்மாவின் கொள்ளியும் ஐயாயிரம் மைலும்

என் அம்மாவுக்கு நான் கொள்ளி வைத்தேன். வைத்திருக்கக் கூடாது! அந்த உரிமையைத் தம்பியிடமிருந்து பொய் சொல்லித் திருடினேன்.

தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன்... உங்களுக்குத் தெரியாத வழக்கமல்ல. தம்பி லண்டனில் படித்துக்கொண்டிருந்தான். நான் தர்மபுரத்தில் அம்மாவோடு இருந்து வயல் பார்த்தேன். பாயில் கிடந்தவளைக் கழுவித் துடைத்ததும் நான்தான். அவளோ என் கையைப் பிடித்துக்கொண்டே, "சின்னவன் வந்து கொள்ளி வைப்பான், எனக்கு அது காணும், வேறை ஒண்டும் வேண்டாம்" என்பாள்.

அவளுக்கு வருத்தம் கடுமையானதும் தம்பிக்குத் தந்தி அடித்தோம். புறப்படுகிறேன் என்று பதில் வந்தது. மறுநாள் விடியற்காலை அம்மா போய்விட்டாள்.

பந்தலுக்குள் தாய்மாமன் எல்லார் முன்னிலையிலும் என்னைக் கேட்டார்: "தம்பி எப்ப வந்து சேருவான்? நாளைக்கெண்டால் வைச்சிருப்பம்."

உலக வரைபடம் பார்த்தவன், தம்பியை விமானம் ஏற்றிவிட்டு வந்தவன், அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான். "ஒரு நாள் பயணம் அண்ணை, கூப்பிட்டால் அடுத்த நாள் வந்து நிப்பன்" என்று அவன் அன்றைக்குச் சொன்னது காதிலேயே இருந்தது.

நான் சொன்னேன்: "லண்டன் என்ன வவுனியாவோ மாமா? ஐயாயிரம் மைலுக்கு மேல! அங்கங்கை இறங்கி எண்ணெய் அடிச்சு வர நாலு நாள் செல்லும்."

மைலில் பொய்யில்லை. நாளில்தான் பொய்... எவ்வளவு கெட்டித்தனம் பாருங்கள்! சீ!

அன்று பின்னேரமே சுடலைக்குக் கொண்டுபோனோம். குடம் சுமந்தேன், கொள்ளி வைத்தேன். "பராமரிச்ச பிள்ளையின்ரை கையாலேயே போறா" என்று சனம் சொன்னபோது உள்ளுக்குள் இனித்தது. பெற்றவள் எரிகையில் இனித்தது! அழுதேனா? அழுதேன். அதில் எவ்வளவு அம்மாவுக்கு, எவ்வளவு பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு? என்னைக் கேளாதீர்கள்.

மறுநாள் மத்தியானம் வாடகைக் காரில் தம்பி வந்து இறங்கினான். வெறும் பந்தலைக் கண்டதும் நேரே சுடலைக்கு ஓடினான். நாங்களும் பின்னால் ஓடினோம். அவன் குந்தியிருந்து சாம்பலில் கை வைத்தான்.

"அண்ணை, இன்னும் சுடுகுது."

மாமா என் பக்கம் திரும்பினார். "நாலு நாளெண்டெல்லோ சொன்னனீ?"

தம்பி என்னையே பார்த்தான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏசுவான், அடிப்பான் என்று நின்றேன். அடித்திருக்கலாமே!

"அண்ணை சொன்னது சரிதான் மாமா" என்றான். "நாலு நாள்தான் செல்லும். எனக்கு வாய்ப்பா ஒரு கெதியான பிளேன் கிடைச்சிட்டுது."

எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடியப் போய்விட்டான். அதுவரை என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. பிறகு வரவுமில்லை.

கொள்ளி வைத்த கையால்தான் இன்றும் சோறு பிசைகிறேன். சில நாள் அருவருத்துப்போய், சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிவிடுவேன். சொல்லிவிட்டால் ஆறுமா? இதோ, உங்களிடம் சொல்லியாயிற்று... ஆறவில்லை.

யாராவது லண்டன் கதை எடுத்தால் மாமா முந்திக்கொள்வார். "நாலு நாள் பயணமெல்லோ! கேட்டுப்பாருங்கோ இவனை" என்பார்.

நான் ஓம் என்பேன்.