பதினெட்டு என்று போட்டிருந்த பாதை

பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் லாச்சப்பலில் என்னைத் தெரியாதவர்களுக்கும் என் சைக்கிளைத் தெரியும். முன்னால் பிரம்புக் கூடை, பின்னால் கரியர். கூடைக்கு வெளியே முருங்கைக்காய் நீட்டிக்கொண்டு நிற்கும். நான் பிரேக் பிடிக்கும் சத்தத்தைக் கேட்டே மரக்கறிக் கடைக்காரர் நல்ல கத்தரிக்காயாகப் பொறுக்கி எடுத்து வைப்பார். நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். பிரெஞ்சில் ஒரு கடிதம் வந்தால் யாரையாவது பிடித்துத்தான் வாசிக்க வேண்டும். சைக்கிள் ஓடுவதற்கு எழுபத்தொரு வயது வரைக்கும் யாரையும் பிடித்ததில்லை.

போன வருடம் குளிர் முடிந்த கையோடு ஒரு நாள் விழுந்தேன். திரொத்தினெத் என்கிற மின்சார உதைவண்டியில் நின்றபடி பறந்து வந்த ஒருவர் இடித்துவிட்டார். பாவம், அவர் இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டு, உருண்டுபோன தக்காளியை எல்லாம் பொறுக்கித் தந்தார். எனக்கு முழங்காலில் தோல் உரிந்தது, அவ்வளவுதான். ஆனால் விழுந்தது கடைத்தெருவில். நான் வீட்டுக்கு வந்து சேருவதற்கு முன்னமே செய்தி திரான்சியில் இருக்கும் என் மகனுக்குப் போய்விட்டது.

அன்று பின்னேரமே அவன் வந்தான். முழங்காலைப் பார்த்தான், சைக்கிளைப் பார்த்தான். பிறகு நல்ல மரியாதையாகத்தான் சொன்னான்.

"அம்மா, இனி வெலோ வேண்டாம். ஆருக்காவது குடுத்துவிடுங்கோ."

நான் தேத்தண்ணீர் போட்டேன். அவன் என்னை நல்லாக வைத்திருப்பவன். சண்டை பிடித்தால் என் பக்கம் நியாயம் குறைந்துவிடும். அந்த நேரம் பார்த்து இங்கிலாந்தில் இருக்கும் என் தங்கச்சி தொலைபேசி எடுத்தாள். அவள் இருப்பது ஒரு கிராமத்துப் பக்கம். அங்கே வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ஓட்டம் வைப்பார்களாம். பந்தயம் இல்லை. யாரும் ஓடலாம். பச்சை அம்புக்குறி போட்ட பாதை சின்னப் பிள்ளைகளுக்கும் ஏலாதவர்களுக்கும், நீலம் நடுத்தரமானவர்களுக்கும், கறுப்பு நல்லாக ஓடுகிறவர்களுக்கும். பச்சை எனக்குத் தோதாக இருக்கும், களைத்தால் தன் காரில் ஏறிவிடலாம், வந்து பொழுதைப் போக்கிவிட்டுப் போகலாம் என்றாள்.

பச்சை என்றதும் எனக்குச் சுள்ளென்றது. மகனைப் பார்த்துச் சொன்னேன், நான் நீலத்தில் ஓடுவேன், காரில் ஏறாமல் முழுக்க ஓடி முடித்தால் சைக்கிள் பேச்சை இனி எடுக்கக்கூடாது என்று.

"காரிலை ஏறினா?" என்று கேட்டான்.

"ஏறினா நானே கொண்டுவந்து உன்ரை வாசல்லை விட்டுட்டு வாறன்."

அவன் சிரித்தான். சம்மதம், ஆனால் நானும் கூட ஓடுவேன், கண்ணால் பார்க்க வேண்டும் என்றான்.

தங்கச்சி பாதைப் படத்தை அனுப்பினாள். எனக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது, எண் தெரியும். நீலக் கோட்டுக்குப் பக்கத்தில் பதினெட்டு என்று போட்டிருந்தது. அதற்குப் பின்னால் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. மகனும் பார்த்தான். பதினெட்டுத்தானே என்றான்.

அன்றிலிருந்து ஆறு கிழமை நான் கால்வாய்க் கரையில் ஓடிப் பழகினேன். வீட்டிலிருந்து வில்லெத், அங்கிருந்து கால்வாயோடு சென் தெனி, சந்தைப் பக்கம் ஒரு சுற்று, திரும்பி வீடு. பதினெட்டு சரியாக வருகிறது என்று மகன்தான் தன் ஃபோனில் அளந்து சொன்னான். முதல் நாள் வந்து கட்டிலில் விழுந்தேன். மூன்றாம் கிழமை வந்தவுடன் சமைத்தேன். ஆறாம் கிழமை சந்தையில் மீனும் வாங்கிக்கொண்டு வந்தேன். மகன் ஒரு நாளும் பழகவில்லை. ரொய்சி விமானநிலையத்தில் அவனுக்கு வேலை, காரில் போய் வருகிறவன். நாற்பது வயதில் இதற்கெல்லாம் பழகவேண்டுமா என்று கேட்டான்.

சனிக்கிழமை சைக்கிள் இரண்டையும் மகனின் காரில் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போகும் சுரங்கத்தால் போனோம். லாச்சப்பலில் வாங்கிய ஆட்டிறைச்சி ரோல்ஸ் நாற்பது என் மடியில் இருந்தது. இங்கிலாந்தில் இல்லாத ரோல்ஸா என்று தங்கச்சி கேட்டாள். கேட்டுக்கொண்டே இரண்டு சாப்பிட்டாள்.

ஞாயிறு காலை தேவாலயத்து மண்டப முற்றம் முழுக்கச் சைக்கிள். எனக்கு அங்கே ஒரு வழக்கம் பிடித்திருந்தது. கெட்டிக்காரரை முதலில் விடமாட்டார்கள். மெல்ல ஓடுகிறவர்கள் முதலில் போகவேண்டும், வேகமானவர்கள் கடைசி. அப்படியென்றால்தான் எல்லோரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்ந்து ஒன்றாகத் தேத்தண்ணீர் குடிக்கலாம். ஒவ்வொரு நிறத்துக்கும் மஞ்சள் அங்கி போட்ட ஒருவர் ஆகக் கடைசியாக வருவார். அவர் யாரையும் முந்தக்கூடாது. அதுதான் அவருடைய வேலை. நீலத்துக்கு வந்தவர் என் வயது மதிக்கக்கூடிய ஒரு வெள்ளைக்கார அம்மா. என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

பாதையென்றால் ஒரு கார் மட்டும் போகக்கூடிய ஒழுங்கை. இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேலே வேலி, வேலி முழுக்க வெள்ளைப் பூ. படலை வருகிற இடத்தில் மட்டும் உள்ளே பார்க்கலாம், பச்சைப் புல், செம்மறி ஆடு, பிறகும் பச்சைப் புல். முன்னால் கார் வந்தால் முன்னுக்கு ஓடுகிறவர் ஒரு சத்தம் போடுவார், அதை ஒவ்வொருவராகப் பின்னுக்குச் சொல்லவேண்டும். பின்னால் கார் வந்தால் வேறு சத்தம், அது முன்னுக்குப் போகும். அரை மணித்தியாலத்தில் இரண்டையும் பிடித்துவிட்டேன். பிறகு அந்த ஒழுங்கையில் என் குரல்தான் பெரிய குரல்.

அங்கே இடது பக்கம் ஓடவேண்டும். நான் ஊரில் சிறுமியாகப் பழகியதும் இடது பக்கம்தான், கை தானாகப் போனது. மகன் பிரான்சில் வளர்ந்தவன். முதல் சந்தியிலேயே வலது பக்கம் திரும்பி ஒரு உழவு இயந்திரத்துக்கு நேரே போய் நின்றான். உழவு இயந்திரக்காரர் தொப்பியைத் தூக்கினார். அதற்குப் பிறகு மகன் மெல்லிய குரலில் என்னை முன்னுக்குப் போகச் சொன்னான். போனேன்.

பதினெட்டு என்றால் என் காலுக்குத் தெரியும். ஆறு கிழமை பழகிய கால். சரியாக அந்த அளவுக்கு வந்தபோது ஒரு இறக்கம், கீழே சின்னத் தேவாலயம், அதற்கு முன்னால் தங்கச்சியின் கார். அவளும் புருஷனும் பிளாஸ்க்கோடு நின்றார்கள். நான் இறங்கிச் சைக்கிளைச் சாத்திவிட்டு, முடிந்தது என்று மகனைப் பார்த்தேன்.

"எங்கை முடிஞ்சது, அக்கா? இன்னும் ஏழு மைல் கிடக்கு," என்றாள் தங்கச்சி.

"மைலோ?"

"பின்னை என்ன?"

அப்போதுதான் விளங்கியது. அவள் நாட்டில் எல்லாம் மைல். எங்கள் வீட்டில் முப்பத்தைந்து வருடமாக எல்லாம் கிலோமீட்டர். அவள் பதினெட்டு என்று போட்டிருந்த படத்தை அனுப்பினாள், நாங்கள் என்ன பதினெட்டு என்று கேட்கவில்லை. பொடி எழுத்தை வாசிக்கத் தெரிந்த மகனும் வாசிக்கவில்லை.

முன்னால் பார்த்தேன். தேவாலயத்தைத் தாண்டினவுடன் பாதை மேலே ஏறியது. என் முழங்கால் இரண்டும் கொதித்தன. உண்மையைச் சொல்கிறேன், காரில் ஏறுவதென்று நான் அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டேன். தேத்தண்ணீரை மெல்ல மெல்லக் குடித்தேன். சைக்கிளைக் கொடுத்துவிட்டு நடந்து மீன் வாங்கப் போகும் என்னை நினைத்துப் பார்த்தேன். போகட்டும், நடக்கக் கால் இருக்கிறதே என்று மனதைத் தேற்றினேன். இனி அதை எப்படிச் சொல்வது என்பதுதான் மிச்சம். மரியாதை கெடாத ஒரு வசனத்தை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

மகன் முந்திவிட்டான். முகம் செக்கச் சிவந்துபோய்க் காரின் பின் கதவில் சாய்ந்து நின்றவன், "செ ஃபினி, முடிஞ்சுது. சித்தப்பா, என்ரை வெலோவை ஏத்துங்கோ," என்றான். என்னைப் பார்த்து, "அம்மா, நீங்களும் வாங்கோ. இது எங்கட பிழைதானே. ஆரும் ஒண்டும் நினைக்கமாட்டினம்," என்றான்.

நான் வசனத்தை விழுங்கினேன். பழகாத பிள்ளைக்குப் பக்கத்தில், பழகிய நான் போய் உட்காருவதா? காரில் இருந்த ரோல்ஸில் நாலைக் கடதாசியில் சுற்றிக் கூடையில் வைத்தேன்.

"நீ இரு, மகன். களைச்சுப்போனாய்," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினேன்.

பின்னால் மஞ்சள் அங்கி அம்மாவும் ஏறினார். நீலத்தில் இப்போது ஆகக் கடைசி ஆள் நான்தான், நான் வெளிக்கிடும் வரைக்கும் அவர் வெளிக்கிட ஏலாது. ஏற்றத்தில் பாதி தூரம் மிதித்தேன். பிறகு இறங்கித் தள்ளினேன். திரும்பிப் பார்த்தால் அவரும் இறங்கித் தள்ளிக்கொண்டு வருகிறார். அவர் ஏறக்கூடியவர்தான். மேலே போய் நின்று இருவரும் ஆளுக்கு ஒரு ரோல்ஸ் சாப்பிட்டோம். உறைப்பில் அவருக்குக் கண்ணால் தண்ணீர் வந்தது. வாயை ஊதிக்கொண்டே இன்னொன்றுக்குக் கையை நீட்டினார்.

அதற்கு அங்கால் நீளமான இறக்கம். நான் கொஞ்ச நேரம் பெடலில் காலை வைத்துக்கொண்டு சும்மா போனேன். காற்று காதுக்குள் பேசியது. அடுத்த ஏற்றத்திலும் தள்ளினோம், அதற்கடுத்ததில் தள்ளவில்லை.

மண்டபத்துக்கு வந்தபோது முற்றத்தில் பாதி வெறுமை. ஆனால் மஞ்சள் அங்கி வந்து சேரும்வரை அங்கே கோப்பைகளை அடுக்கமாட்டார்களாம். இருந்தவர்கள் எழும்பிக் கைதட்டினார்கள். தங்கச்சி ஓடிவந்து, தள்ளினதைப் பற்றி ஒருவரும் கதைக்கக்கூடாது, காரில் ஏறக்கூடாது என்பதுதானே பேச்சு என்று மகனோடு வாதாடத் தொடங்கினாள். அவன் வாதாடவில்லை. எனக்கு ஒரு கதிரை இழுத்துப் போட்டான்.

"வெலோ உங்களட்டையே இருக்கட்டும். கஸ்க் மட்டும் போடுங்கோ," என்றான்.

தலைக்கவசத்தை மறுக்க எனக்கு அப்போது மூச்சும் இல்லை, மனமும் இல்லை. ஓம் என்றேன். அன்றிலிருந்து போடுகிறேன். மரக்கறிக் கடைக்காரர் முதல் நாள் என்னை அடையாளம் தெரியாமல் நின்றார்.

அந்தத் தேவாலயத்தடியில் என் வாய் வரைக்கும் வந்த வசனத்தை மகனுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. அவன் இரண்டு மிடறு தேத்தண்ணீருக்குப் பொறுத்திருந்தால் சைக்கிள் போயிருக்கும். பிரெஞ்சில் எத்தனையோ படித்தவன், தமிழ் மட்டும் அவனுக்கு வாசிக்க வராது. அதனால்தான் இதைத் துணிந்து எழுதுகிறேன். யாராவது வாசித்துக் காட்டினால், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.