இரண்டாவது ரிசல்ட் செட்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். நாமக்கல்லில் ஒரு லாரி டிரான்ஸ்போர்ட் ஆபீஸ். டீசல் வாசனையும் பார்சல் டீயுமாக இருந்த அந்த மாடி அறையை நினைத்தால் இன்றும் மனசு லேசாகிவிடும். எந்த வண்டி எங்கே போகிறது, யார் ஓட்டுகிறார் என்று காட்டும் சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

அன்று காலை மோகனூரிலிருந்து செல்வி என்ற பெண் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். அவர் கணவர் முருகேசன் எங்கள் டிரைவர். நாக்பூர் பக்கம் எங்கள் லாரி ஒன்று கவிழ்ந்து கிடக்கும் படம் டிரைவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் வந்திருந்தது.

"ஏனுங்க, அது எங்கூட்டுக்காரர் வண்டிங்களா? போன் சுவிட்ச் ஆஃப்னே வருதுங்க."

மேனேஜர் வண்டி நம்பரை அடித்தார். ஸ்கிரீனில் முருகேசன் பெயர் வந்தது. செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஸ்கிரீன் கூப்பிடுவது ஒரு ஸ்டோர்டு ப்ரொசீஜரை. தகவலைத் தேடி எடுக்கும் கொயரிகளை டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைத்த தொகுப்பு அது. முந்தைய நாள்தான் திறந்து படித்திருந்தேன். உள்ளே தகவலை எடுக்கும் கட்டளையான செலக்ட் இரண்டு இருந்தது ஞாபகம் வந்தது. கொயரி விண்டோவில் நேரடியாக ஓட்டினேன். இரண்டு டேபிள் வந்தன. முதலாவதில் புறப்படும்போது ஏறிய டிரைவர். இரண்டாவதில் வழியில் மாறி ஏறிய டிரைவரும், இறங்கியவர் எந்த வண்டிக்குப் போனார் என்பதும். ஸ்கிரீன் முதல் டேபிளை, அதாவது முதல் ரிசல்ட் செட்டை மட்டும் படித்ததோடு நின்றுவிட்டிருந்தது.

"சார், முருகேசன் ஹைதராபாத்துலயே வேற வண்டிக்கு மாறிட்டாருங்க. இதுல போனது டிரைவர் ஆரோக்கியம்!"

மேனேஜர் அந்த வேறு வண்டியின் கிளீனரைப் போனில் பிடித்தார். ஸ்பீக்கரில் முருகேசன் குரல் வந்தது.

"செல்வியா? என்ற போன்ல சார்ஜ் இல்ல. ஆபீஸ்ல என்ன பண்ற நீ?"

செல்வி அழுதார், சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அந்த வண்டியில போனவரு ஊட்டுக்குச் சொல்லியாச்சுங்களா?"

மேனேஜர் ரிசீவரை எடுத்தார்.

"போன்ல வேண்டாஞ் சாமி. நானும் வாரேன், நேர்ல போலாமுங்க."

ஆரோக்கியத்தின் வீடு சேலத்தில். மூவரும் ஆபீஸ் காரில் கிளம்பினோம். போகும் வழியிலேயே நாக்பூர் ஆஸ்பத்திரியில் விசாரித்தோம். கால் முறிந்திருக்கிறது, உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். கதவைத் திறந்த அவர் மனைவி ஸ்டெல்லாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று நாங்கள் விழிக்க, செல்விதான் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கால்லதானுங்க அடி. உசுரு நல்லாருக்குது. உள்ள போய் உக்காந்து பேசலாம் வாங்க."

மறுநாள் ப்ரொசீஜரின் இரண்டு செலக்ட்டும் ஒரே மாதிரி நெடுவரிசைகளைத் தரும்படி மாற்றினேன். அப்படி இருந்தால் இன்சர்ட் எக்ஸெக் என்ற கட்டளை போட்டு இரண்டையும் ஒரே தற்காலிக டேபிளில் பிடித்துவிடலாம். கடைசியாக ஏறியவர் பெயரை ஸ்கிரீனில் முதலில் வர வைத்தேன். ஆரோக்கியம் குணமாகித் திரும்பி வந்து, லாரி ஓட்டாமல் ஆபீஸிலேயே புக்கிங் சீட்டில் உட்கார்ந்தார்.

இன்று என் டீமுக்கு வருகிறவர்களிடம் சொல்வேன்: ஒரு ப்ரொசீஜர் எத்தனை ரிசல்ட் செட் தருகிறது என்று ஓட்டிப் பார்க்காமல் ஸ்கிரீன் எழுதாதீர்கள். இதை டேட்டாபேஸிடம் கற்றேன். மற்றதைச் செல்வியிடம்தான் கற்றேன். முருகேசன் அந்த வண்டியில் இல்லை என்றதும் பிரச்சினை தீர்ந்ததாகவே எனக்குத் தோன்றியது. செல்விக்கு அப்படித் தோன்றவில்லை.