மெயின் சுவிட்ச் ஆரிட்ட?

வெள்ளவத்தையில் எங்கள் அடுக்குமாடியின் உச்சியில் சரோஜினிதேவி அன்ரி இருக்கிறார். ஓய்வுபெறும்வரை பம்பலப்பிட்டியில் கணக்குப் படிப்பித்தவர். கணவர் இராசரத்தினம் அங்கிளுக்கு நுரையீரல் போய்விட்டது. அவர் மூக்கிலிருந்து போகும் குழாய் ஒட்சிசன் மெஷினில் முடிகிறது. மெஷின் சுவரில் உள்ள பிளக்கில்.

பிளக்குக்குள் வரும் மின்சாரம் கட்டடத்தை நடத்தும் கம்பனியுடையது. முழுக் கட்டடத்துக்கும் அவர்கள் பெயரில் ஒரே இணைப்பு. அதை எங்களுக்குப் பிரித்து விற்கிறார்கள். மெயின் சுவிட்ச் இருக்கும் அறை எப்போதும் பூட்டு; திறப்பு மனேஜர் ரெனால்டின் இடுப்பில் தொங்கும். எத்தனையோ நாடுகளில் வாடகை அறைகளில் இருந்துவிட்டு வந்தவள் நான். சுவிட்ச் யார் கையில் என்று ஓரிடத்திலும் கேட்டதில்லை.

அன்ரி கேட்டார். குப்பை அள்ளாததற்கு அவர் சண்டைபிடித்த அன்று மத்தியானம், அவர் வீட்டுக்கு மட்டும் கரண்ட் நின்றது. அவசரத்துக்கு வைத்திருந்த சின்னச் சிலிண்டர்தான் அங்கிளைக் காப்பாற்றியது. மின்சாரம் விற்பவர்களுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கும் அலுவலகத்துக்கு அன்ரி எழுதினார்: எங்களுக்கு விற்க இவர்களுக்கு அனுமதி உண்டா? வீடு அங்கிளின் பெயரில் என்பதால் கையெழுத்து அவருடையது.

அனுமதி இல்லை. அனுமதிப்பத்திரம் எடுங்கள், இல்லாவிட்டால் விற்பதை நிறுத்துங்கள் என்று கம்பனிக்கு உத்தரவு வந்தது. எடுக்க அவகாசமும் தந்திருந்தார்கள்.

கம்பனி அன்றே நிறுத்திவிட்டது.

"ஓர்டர்தானே அன்ரி," என்றான் ரெனால்ட். "சட்டப்படி நடக்கச் சொல்லி நீங்கள்தானே எழுதினனீங்கள்."

லிஃப்ட் நின்றது. தண்ணீர் மோட்டரும் நின்றது. படிக்கட்டில் சனம் அன்ரியைத் தேடி வந்தது. "டீச்சர் வென்றிட்டா. நாங்கள் வாளி தூக்குறம்," என்றார் ஒருவர். அன்ரி சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டிய அதே ஆட்கள்தான் அங்கிளைக் கதிரையோடு தூக்கிப் படியிறக்கினார்கள். நான் மெஷினைச் சுமந்தேன்.

பக்கத்துப் புடவைக்கடைக்குத் தனி மீற்றர். கடைக்கார அஹ்ஸன் சேலைக் கட்டுகளைத் தள்ளி இடம் விட்டார்.

"நம்மட கடையில கரண்ட் ஈக்கி டீச்சர், பிளக்கைக் குத்துங்க. சல்லி மட்டும் தராதீங்க. எடுத்தா நானும் கம்பனியாப் போயிடுவன்."

அங்கிள்கூடச் சிரிக்கப் பார்த்தார்; இருமல்தான் வந்தது. கலியாணச் சேலை எடுக்க வந்தவர்கள் அவரைச் சுற்றிப் போனார்கள்.

"கடை எத்தனை மணிக்குப் பூட்டுவீங்கள்?" என்று அன்ரி கேட்டார்.

"எட்டுக்கு. நான் இருப்பன் டீச்சர். இண்டைக்கு இருப்பன்."

நாளைக்கு? ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தோம். கட்டில் இல்லை, மூச்சு மோசமானால் கொண்டுவரச் சொன்னார்கள். கல்கிசையில் இருக்கும் அன்ரியின் தங்கை வீடு பூட்டிக் கிடந்தது.

அப்போதுதான் ரெனால்ட் கையில் ஒரு தாளோடு வந்தான். முறைப்பாட்டை வாபஸ் வாங்குகிறேன் என்று அங்கிள் எழுதிக் கொடுத்தால் கம்பனி கரண்டைத் தரும்.

"வாபஸ் எடுத்தால் உங்களுக்கு லைசன் வந்திடுமா?" என்றார் அன்ரி.

"அது எங்கட பாடு. உங்களுக்குக் கரண்ட் வரும்."

அங்கிள் மெதுவாகக் கேட்டார். "மெயின் சுவிட்ச்... ஆரிட்ட இருக்கும்?"

"எங்களிட்டத்தான் அங்கிள்."

அங்கிள் கையை நீட்டினார். அன்ரி ரெனால்டிடமிருந்து தாளை வாங்கித் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

"இஞ்சாருங்கோ, வேண்டாம். இதில கையெழுத்து வைச்சால் இனி முறைப்பாடெண்டு ஒருத்தரிட்டயும் போகேலாது."

"சரோ, நீர் எழுதினது சரி," என்றார் அவர். மூச்சு எடுத்துக்கொண்டார். "எனக்குத்தான் ஏலாது."

துணி வெட்டும் மேசையில் தாளை வைத்து, அது அசையாமல் அன்ரியே பிடித்துக்கொண்டார். அங்கிளின் கையெழுத்து பாதியில் வழுகியது. ரெனால்ட் அது போதும் என்றான்.

கொஞ்ச நேரத்தில் கட்டடத்தில் கரண்ட் வந்தது; மேல் மாடியில் யாரோ கைதட்டினார்கள். அங்கிளைத் திரும்பத் தூக்க ஆட்கள் வந்தார்கள்.

"இனி அவனோட பார்த்துக் கதையும்," என்றார் அங்கிள், மனைவியிடம்.

ரெனால்ட் வாசலில் திறப்பைச் சுழற்றியபடி நின்றான். அவனைத் தாண்டும்போது அன்ரி தலையை நிமிர்த்தவில்லை.

"தாங்ஸ் தம்பி," என்றார்.