தம்பிக்குப் பாதி

பஸ் டெப்போவில் அவளைச் சீட்டக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். கிழிந்த இருக்கைகளுக்குப் புது ரெக்சின் போட்டுத் தைப்பது அவள் வேலை. பட்டறையின் பின்மூலையில் மோட்டார் வைத்த பெரிய தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, பஞ்சை அமுக்கி, ரெக்சினை இழுத்துப் பிடித்து, ஒரு சுருக்கம் விழாமல் தைத்துவிடுவாள். மனுஷ ஜென்மங்கள் எதற்காக இருக்கையைப் பிளேடால் கிழிக்கின்றன என்று தினமும் ஒரு பாட்டம் திட்டுவாள். திட்டி முடிக்கும்போது ஒரு சீட்டும் முடிந்திருக்கும்.

கல்யாணம் ஆகவில்லை. அவள் ஆகவிடவில்லை என்பதுதான் சரி. அப்பா சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வந்து போய்ச் சேர்ந்தவர். அது தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகிற நோய் என்று டாக்டர்கள் சொன்னபோது அவளுக்கு ஸ்கேன் எடுத்தார்கள், இருந்தது. தம்பிக்கு எடுத்தார்கள், அவனுக்கும் இருந்தது. “அப்பா நமக்கு ஒண்ணும் விட்டுட்டுப் போகலன்னு யாரும் சொல்ல முடியாதுக்கா. ஆளுக்குச் சமபங்கு” என்று தம்பி சிரித்தான். அவனுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு. அக்காவுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது.

தம்பி அதே டெப்போவில் டிரைவர். அவனும் அவன் மனைவியும் முன்னறையில், அக்கா பின்னறையில் என்று ஒரே வீட்டில் குடித்தனம். தம்பி மனைவி நாத்தனாரை வாய் நிறைய அண்ணி என்றுதான் அழைப்பாள். நல்ல மனசு, ஆனால் ஓட்டை வாய். அவளிடம் ஒன்றைச் சொன்னால் தெருமுனைக் கடைக்காரர்வரை போய்விடும்.

ஊரின் மறுகோடியில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் இந்த நோய்க்குப் புது மாத்திரை ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அக்காவும் தம்பியும் சேர்ந்தே போனார்கள். டாக்டர் பொறுமையாக விளக்கினார். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அசல் மருந்து, மீதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று அவருக்கே தெரியாது. ரத்தமும் ஸ்கேனும் பார்த்த பிறகு அக்காவைச் சேர்த்துக்கொண்டார்கள். தம்பியைச் சேர்க்கவில்லை. அவன் சிறுநீரகம் ஏற்கெனவே அவர்கள் வைத்திருந்த அளவைத் தாண்டிக் கெட்டுப்போயிருந்ததாம்.

அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. நோய் முற்றியவனை வாசலோடு அனுப்பிவிட்டு, கொஞ்சம் நன்றாக இருக்கிறவளுக்கு மருந்து கொடுப்பது எந்த ஊர் நியாயம்? வீடு வருகிறவரை பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். தம்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தான். அவன் சிரிக்காமல் வந்ததுதான் அவளை என்னவோ செய்தது.

மறுநாளே முடிவு செய்துவிட்டாள். ரெக்சின் வெட்டுகிற கத்தியைத் துடைத்து, மாத்திரையைப் பலகையில் வைத்து நடுவில் ஒரு அழுத்து அழுத்தினாள். சரிபாதி. அத்தனை வருஷம் கோடு பார்த்து வெட்டிய கை அல்லவா. அன்றிலிருந்து தினமும் அவளுக்குப் பாதி, தம்பிக்குப் பாதி. டெப்போவில் வேலை தொடங்கும் முன் பட்டறைக்கு வந்து வாயில் போட்டுக்கொண்டு போவான். தம்பி மனைவிக்கு மட்டும் தெரியக்கூடாது என்று காதும் காதும் வைத்த மாதிரி நடந்தது.

சீக்கிரமே இருவருக்கும் தாகம் பிடித்துக்கொண்டது. குடம் குடமாகக் குடித்தார்கள், குடித்த வேகத்தில் ஒன்றுக்கு ஓடினார்கள். இந்த மருந்துக்கு அப்படித்தான் ஆகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். தம்பி நிறுத்தத்துக்கு நிறுத்தம் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு இறங்கி ஓட, பயணிகள் மணி பார்த்துப் பல்லைக் கடிக்க, கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார். பட்டறைக்கு வந்து அதையெல்லாம் நடித்துக் காட்டினான். “அக்கா, நமக்கு அசல்தான் விழுந்திருக்கு. சுண்ணாம்பா இருந்தா இப்படி ஓட விடுமா?” அன்று அவளும் சிரித்தாள். வாய்விட்டே சிரித்தாள்.

ஆய்வைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் ஒவ்வொரு முறை போகும்போதும் ரத்தம் எடுப்பாள். “சில பேருக்கு இந்த மருந்து ஈரலைக் கெடுக்கலாம்மா, அதுக்குத்தான் விடாம பாக்குறோம்” என்பாள். ஒவ்வொரு முறையும் அக்காவின் ஈரல் நன்றாக இருக்கிறது என்றே முடிவு வந்தது. தம்பிக்கு யாரும் ரத்தம் எடுக்கவில்லை என்பது அவளுக்கு உறைக்காமல் இல்லை. அதற்கும் அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே நோய். அவளுக்கு ஒத்துக்கொண்டது அவனுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாமல் போய்விடுமா? அவளுடைய ரத்தத்தைப் பார்த்தால் அவனுடையதைப் பார்த்த மாதிரிதான் என்று நம்பினாள். முட்டாள்தனம்தான். ஆனால் அதில் கொஞ்சமும் கள்ளம் இல்லை.

தம்பிக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. கண் மஞ்சளானதை முதலில் பார்த்தது அவன் மனைவி. ரோட்டோரக் கடை எண்ணெயால் வந்த மஞ்சள் காமாலை என்று அவனே தீர்ப்புச் சொல்லிவிட்டான். வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே இருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர், தூக்கம் கெட்ட முகம்.

“என்னென்ன மாத்திரை சாப்பிடுறாரு?”

“பிரஷர் மாத்திரை மட்டும்தான் சார்” என்றாள் தம்பி மனைவி.

டாக்டர் அக்கா பக்கம் திரும்பினார். “வேற ஏதாவது? நாட்டு மருந்து, யாராவது குடுத்த மாத்திரை?”

“இல்ல சார்” என்றாள் அவள்.

அவர் போன பிறகு தம்பி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். “அக்கா, மூச்சு விட்டுடாத. தெரிஞ்சா உன்னைய வெளிய அனுப்பிடுவாங்க. இது சாதா காமாலை. போயிடும்.”

அவள் மூச்சு விடவில்லை. அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. நடுவில் விட்டால் சிறுநீரகம் இன்னும் கெட்டுவிடும் என்று, தினமும் காலையில் அந்தப் பாதியைக் காகிதத்தில் மடித்து ஆஸ்பத்திரிக்கே கொண்டு போனாள். சத்து மாத்திரை என்று சொல்லி, தம்பி மனைவியின் கண்ணெதிரிலேயே அவன் நாக்கில் வைத்தாள். ஒவ்வொரு நாளும் அவன் இன்னும் கொஞ்சம் மஞ்சளாகிக்கொண்டே வந்தான். டாக்டர்கள் ஒவ்வொரு சோதனையாகச் செய்தும் காரணம் பிடிபடாமல் கையைப் பிசைந்தார்கள்.

ஆய்வுக்காக அவள் ரத்தம் கொடுக்கிற முறை வந்தது. நர்ஸ் ஊசியை எடுத்துக்கொண்டே எப்போதும்போல் பேச்சுக் கொடுத்தாள். “உங்களுக்கு ஒரு தொல்லையும் இல்லம்மா. பாவம், இன்னொருத்தருக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாயிடுச்சு. நல்லவேளை, ரத்தத்துல தெரிஞ்ச உடனே மாத்திரைய நிறுத்திட்டோம். இப்பத் தேறிட்டாரு.”

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, “தம்பிக்கும் மஞ்சளாயிருக்கு” என்றாள். நர்ஸுக்குப் புரியவில்லை. “என் மாத்திரையில பாதி அவனுக்குக் குடுத்தேன். இன்னிக்குக் காலையிலயும் குடுத்துட்டுத்தான் வரேன்” என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். நர்ஸ் பஞ்சை அப்படியே மேஜையில் போட்டுவிட்டு டாக்டரைத் தேடி ஓடினாள்.

இரண்டு ஆஸ்பத்திரிக்கும் இடையில் போன்கள் பறந்தன. காரணம் தெரிந்தது. ஆனால் அதற்குள் ஈரல் முழுக்கப் போயிருந்தது. தம்பி யாரையும் அடையாளம் தெரியாமல் பிதற்றி, பிறகு பிதற்றலும் நின்று, ஒரு மத்தியானம் போய்விட்டான்.

யாரும் அவளைத் திட்டவில்லை. அந்தச் சின்ன வயசு டாக்டர், “இனிமே இதைப் பேசி என்னம்மா ஆகப்போகுது” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆய்வு டாக்டர் அவளை ஆய்விலிருந்து விலக்கினார். இனி வருகிறவர்களிடம் வீட்டில் யாருக்கும் மாத்திரையைப் பங்கு வைக்கக்கூடாது என்று அழுத்திச் சொல்லப்போவதாகவும், அவள் வந்து சொன்னது நல்லதுதான் என்றும் தணிந்த குரலில் பேசினார். அவளுக்கு அவர் வாயிலிருந்து நாலு கெட்ட வார்த்தை வந்திருந்தால் தேவலை போலிருந்தது.

ஏதோ மருந்து ஒத்துக்கொள்ளாமல் ஈரல் கெட்டதாகத் தம்பி மனைவியிடம் டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். என்ன மருந்து, யார் கொடுத்தது என்பதை அக்காவே சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். அவளும் பிரஷர் மாத்திரைதான் எமனாக வந்தது என்று நம்பி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதையே சொல்லி அழுதுகொண்டிருந்தாள். அக்கா வாயை மூடிக்கொண்டிருந்தால் அது அப்படியே போயிருக்கும். உலகத்தில் அவளை அண்ணி என்று கூப்பிட அந்த ஒரு ஜீவன்தான் மிச்சம். அதையும் இழக்க அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது.

வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, தம்பியின் காக்கிச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்த அவன் மனைவியின் பக்கத்தில் அக்கா போய் உட்கார்ந்தாள்.

“பிரஷர் மாத்திரை இல்லம்மா. என்னோட மாத்திரை. நான்தான் குடுத்தேன்.”

ஆரம்பத்திலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னாள். தம்பி மனைவி மடித்த சட்டையைப் பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“என்கிட்ட சொல்லியிருந்தா டாக்டர்கிட்ட நான் சொல்லியிருப்பேனே அண்ணி.”

“சொல்லியிருப்பம்மா.”

“சேர்த்த அன்னிக்கே சொல்லியிருந்தா?”

“பொழைச்சிருப்பான்” என்றாள் அக்கா. அதை மட்டும் யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை, அவளாகத் தெரிந்துகொண்டது.

தம்பி மனைவி சட்டையைக் கீழே வைத்தாள். பிறகு, “ஆஸ்பத்திரியில காலைல காலைல சத்து மாத்திரைன்னு குடுத்தீங்களே” என்றாள்.

“அதுதான்மா.”

“அவருக்குத் தலைய நிமிர்த்த முடியல” என்றாள் அவள், தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தபடி. “நான்தான் தாங்கிப் பிடிச்சு, தண்ணி ஊத்தி, முழுங்குங்க முழுங்குங்கன்னு கெஞ்சினேன்.”